கீழ்பவானி: அப்பா ஊருக்கு கான்கிரீட் வேண்டும், அம்மா ஊருக்கு வேண்டாம். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க வழி இருக்கிறதா?

முத்தூர்க்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முத்தூர் பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில், அதாவது பவானிசாகர் அணையிலிருந்து வரும் வாய்க்காலில், நாலு ஏக்கர். கடைமடை, வாய்க்காலின் கடைசிப் பகுதி. அம்மா பிறந்தது கோபி பக்கம். அங்கே மாமாவுக்கு வாய்க்காலுக்குக் கீழே மூன்று ஏக்கர் தோட்டம், ஆனால் அது ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசனத்துக்குப் பதிவான நிலத்தில், கிடையாது, கிணறு மட்டும்தான். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தக் கிணறு ஏறிவிடும். சின்ன வயதில் லீவுக்குப் போனால் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று எண்ணுவதுதான் எங்கள் விளையாட்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் பதினாறு படி வெளியே தெரியும், செப்டம்பர் கடைசியில் நாலு தெரிந்தால் அதிகம். மாமா அந்தக் கிணற்றை நம்பி மஞ்சள் போட்டுத்தான் ரெண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்.

2020இல் தண்ணீர் கசியாதபடி வாய்க்காலைச் சீரமைத்து கான்கிரீட் போட 710 கோடி ரூபாய்க்கு அரசாணை வந்ததும், அப்புறம் ஆதரவாகவும் எதிராகவும் போராட்டம், உண்ணாவிரதம், வழக்கு என்று போனதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது தீபாவளிச் சாப்பாட்டில் நடந்தது. "உங்க கிணத்துக்கு வர்றது எங்க தண்ணி மச்சான், நாங்க மடையில உக்காந்து காஞ்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் அப்பா. மாமா இலையை மடிக்கக்கூட இல்லை, அப்படியே எழுந்துவிட்டார். "மண்ணு குடிக்கிறதெல்லாம் திருட்டுன்னா, வாய்க்கா வெட்டுன நாள்ல இருந்து நாங்க திருடனுங்கதான்" என்று வாசலில் நின்று சொன்னார். அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அம்மாவின் போன் வழியாகத்தான்.

இப்போது விஷயம் என்னவென்றால், எங்கள் ஊர்ப் பாசன சபையில் ஒரு மனு எழுதித் தரச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்பதால். "கான்கிரீட் போடு" என்று ஒரே வரியில் எழுதித் தர எனக்கு மனசு வரவில்லை. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும், எல்லாத் தரப்பும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், வருடா வருடம் நிலைமைக்கு ஏற்ப விதியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் படிக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. பவானியில் அப்படி ஏதாவது உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது? தண்ணீர் குறைந்த வருடத்தில் யாருக்கு எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள முடியாதா?

மதகடி:

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் அந்த வாய்க்கால் கரையில் நடந்தவன் நான், இப்போது ஓய்வு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சலிப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடு.

முதலில் கணக்கு. பவானிசாகர் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). முதல் போகத்துக்கு ஆகஸ்ட் 15இலிருந்து 120 நாள், விநாடிக்கு 2,300 கன அடி வீதம் விட்டால் கிட்டத்தட்ட 24 டி.எம்.சி. காலி. ஜனவரியில் தொடங்கும் புன்செய்ப் போகத்துக்கு விட்டு விட்டு நனைப்புக் கணக்கில் விடுவதால் அதில் ஏறக்குறைய பாதி போதும். இதற்கு நடுவில் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், கீழே காலிங்கராயன் வாய்க்கால், ஆற்றோரம் இருக்கிற குடிநீர்த் திட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. கூட்டிப் பார், ஒரு தடவை அணை நிரம்பியதை வைத்து வருடத்தை ஓட்ட முடியாது. தென்மேற்குப் பருவத்தில் நீலகிரியும் அட்டப்பாடியும் கொடுக்க வேண்டும், அப்புறம் வடகிழக்கும் கைகொடுக்க வேண்டும். எது பொய்த்தாலும் பஞ்சாயத்துதான்.

நீ சொல்கிற "நிலைமைக்கு ஏற்ப விதியை மாற்றுவது" இந்த வாய்க்காலுக்குப் புதுசு இல்லை. ஐம்பதுகளில் அணை கட்டும்போது இது நெல்லுக்காகப் போட்ட திட்டமே இல்லை, விட்டு விட்டுத் தண்ணீர் கொடுத்து பருத்தி, சோளம் மாதிரி புன்செய்ப் பயிர் எடுப்பதாகத்தான் யோசனை. தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன் சோளமா போடுவான்? மேல்மடையில் நெல் போட்டார்கள், அங்கே வயல் ஊறியது, கடைமடை காய்ந்தது. அதற்கப்புறம்தான் 2,07,000 ஏக்கரையும் இரண்டாக வெட்டி, ஆளுக்கு 1,03,500 ஏக்கர், ஒரு பாதிக்கு இந்த வருடம் நெல் தண்ணீர், இன்னொரு பாதிக்குப் புன்செய்த் தண்ணீர், அடுத்த வருடம் மாற்றி என்று ஆக்கினார்கள். அதிலும் நுணுக்கம் பார்: பிரதான வாய்க்காலில் இரட்டைப்படை மதகு திறந்தால் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் ஒற்றைப்படை திறக்கும். மேல்மடை ஒரு போகம், கடைமடை ஒரு போகம் என்று பிரிக்காமல் மதகு எண்ணை வைத்துப் பிரித்தார்கள், அதனால்தான் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் எந்த ஊரும் மொத்தமாக விட்டுப்போகவில்லை. பக்கத்துப் பக்கத்து வயல்காரன் ஒருத்தன் நெல்லும் ஒருத்தன் கடலையும் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் மாற்றிக்கொள்கிறான். முதல் நாளே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்தது இல்லை இது. விவசாயி வயலில் செய்ததைப் பார்த்து அரசாணை பின்னால் வந்தது.

சங்கம் பற்றி. பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000இல் ஒரு சட்டம் வந்தது, அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கு மேல் திட்டக் குழு. ஆனால் திட்டக் குழு என்பது அந்தத் திட்டத்துக்கு மட்டும். கீழ்பவானிக்காரர் கீழ்பவானியைப் பேசலாம், கொடிவேரிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைக்க அதில் இடமில்லை. மேலே பைக்காரா, குந்தா, பில்லூர் என்று மின்வாரியத்து அணைகள் இருக்கின்றன, அவர்கள் எப்போது மின்சாரம் எடுக்கிறார்களோ அப்போதுதான் அந்தத் தண்ணீர் நமக்கு இறங்கும். அவர்களும் எந்தச் சங்கத்திலும் இல்லை. கடைசியில் ஒவ்வொரு தரப்பும் தனித்தனியாக மனு கொடுக்கும், அதிகாரிகள் இருப்பையும் வரத்தையும் பார்த்து மேலே எழுதுவார்கள், திறக்கும் தேதிக்கு ஒட்டி அரசாணை வரும். நாற்று விடுவதா வேண்டாமா என்று விவசாயி டீக்கடையில் செய்தித்தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கான்கிரீட் விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்காதே. கசிவு இத்தனை சதவீதம் என்று ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் கசிவு மட்டும் காரணம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு மதகை இறக்கப் போனேன், பலகை பாதியில் நின்றுவிட்டது. டார்ச் அடித்துக் கையை விட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றரை முழம் வாழைத்தண்டு, சாக்கில் சுற்றிச் செருகி வைத்திருக்கிறான். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த மதகுக்குப் போனால் அங்கேயும் அதே. வாய்க்காலுக்குள் நேரே குழாயை விட்டு மோட்டார் போட்டு இரண்டு மைல் தள்ளிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. கான்கிரீட் போட்டால் வாழைத்தண்டு உள்ளே போகாதா?

கசவாளித்தோட்டம்:

கேரளாக்காரன் சிறுவாணியிலும் பவானியிலும் தடுப்பணை கட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அப்புறம் வாழைத்தண்டு பேசலாம்.

மதகடி:

அதுவும் பேச வேண்டியதுதான், மறுக்கவில்லை. அட்டப்பாடியில் 2017இல் தடுப்பணை கட்டியபோது இங்கே பெரிய போராட்டம் நடந்தது. ஆனால் 2007இல் வந்த காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் கேரளத்துக்குக் கொடுத்த 30 டி.எம்.சி.யில் பவானிப் படுகைக்கு என்று 6 டி.எம்.சி. இருக்கிறது, அது அவர்கள் பங்கு. அந்த அளவுக்குள் அவர்கள் எடுத்தால் நாம் கத்த முடியாது, தாண்டினால் கேட்க 2018இலிருந்து காவிரி மேலாண்மை ஆணையம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் சண்டை போட ஆணையம் இருக்கிறது தம்பி. கோபிக்கும் முத்தூருக்கும்தான் இல்லை.

காலிங்கன்_கரை:

நல்லா இருக்கு. கீழ்பவானிக்காரர்கள் கூட்டம் கூடினாலே முதல் வேலை எங்கள் தண்ணீரில் கை வைப்பதுதான் என்பது ஈரோட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். :)

எங்கள் வாய்க்கால் 1283இல் வெட்டி முடித்தது. நீங்கள் 1955. நாங்கள் பழைய ஆயக்கட்டு, 15,743 ஏக்கர், எங்களுக்கு முன்னுரிமை. இதை ஆணவமாகச் சொல்லவில்லை, அந்த முன்னுரிமை இல்லையென்றால் மேலே அணையும் மோட்டாருமாக வந்த இந்த எழுபது வருடத்தில் நாங்கள் ஆற்று மணலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். "எல்லாரும் சேர்ந்து பேசலாம்" என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் பேச உட்கார்ந்தால் இருக்கிறவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாதவன் என்ன விடுவான்?

அப்புறம், எங்களுக்குத் தண்ணீர் அளவு ரெண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை தண்ணீர் எப்படி வருகிறது என்பது. ஈரோட்டுச் சாயமும் தோலும் சாக்கடையும் கலந்து வந்த வருடங்களில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் கையைக் கழுவ வீட்டுக்கு ஓடுவோம். பக்கத்திலேயே கழிவுக்கென்று தனியாக பேபி வாய்க்கால் வெட்டினார்கள், அதனால் கொஞ்சம் மாறியது, முழுசாக மாறவில்லை. டி.எம்.சி. கணக்கு மட்டும் பேசுகிற கூட்டம் என்றால் எங்கள் ஊர்க்காரன் வரமாட்டான். கூட்டத்தில் முதல் விஷயமாகக் கழிவைப் பேசினால் வருவான்.

ஒரு கதை சொல்வார்கள் எங்கள் பக்கம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன், தன் நிலத்துக்காகத்தான் வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, தன் வம்சத்தில் யாரும் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்த மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டானாம். உங்கள் திட்டக் குழுவில் அப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

யூகலிப்டஸ்நிழல்:

நான் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் ஷெப்பர்டன் பக்கம் பழத்தோட்டங்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவன், சொந்த ஊர் பெருந்துறை. இங்கே மர்ரே-டார்லிங் படுகையில் நடப்பதைச் சொன்னால் உதவுமா பாருங்கள். இந்தியாவில் இதைக் கொண்டுபோய் ஒட்டுங்கள் என்று சொல்லவில்லை.

முத்தூர்க்காரன் கேட்ட கடைசிக் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பங்கு என்று ஒரு அளவு இருக்கும், ஆனால் அந்த அளவு முழுசாகக் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஜூலை 1ஆம் தேதி, அணைகளில் இருப்பது இவ்வளவு, ஆகவே இப்போதைக்கு உன் பங்கில் இத்தனை சதவீதம் என்று அறிவிப்பார்கள். அப்புறம் மாதம் இரண்டு தடவை புது அறிவிப்பு. மழை பெய்தால் சதவீதம் ஏறும், கொடுத்ததைக் குறைக்க மாட்டார்கள். மழை இப்படி வந்தால் அக்டோபரில் இவ்வளவு, அப்படி வந்தால் இவ்வளவு என்று கணிப்பையும் சேர்த்தே போடுவார்கள். பங்கிலும் ரெண்டு வகை, நிச்சயம் அதிகமானது ஒன்று, உபரி இருந்தால் மட்டும் கிடைப்பது ஒன்று. என் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கிரேக்கப் பெரியவர், அறிவிப்பு வருகிற நாள் காலையில் போனைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். பேரிக்காய் மரத்தைக் காப்பாற்ற வேண்டும், தீவனப் புல்லை விட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவார். அந்தச் சதவீதத்தை அவர் திட்டுவார், ஆனால் நம்புவார்.

இங்கே எல்லாம் சுமுகம் என்று நினைக்காதீர்கள். 2010இல் ஆற்றுக்கென்று தண்ணீரை ஒதுக்க ஒரு வரைவு வெளியிட்டபோது கிரிஃபித் ஊரில் விவசாயிகள் அந்தப் புத்தகத்தைக் குவித்துத் தீ வைத்தார்கள். 2012இல் திட்டம் சட்டமானது, பாசனத்திலிருந்து வருடத்துக்கு 2,750 ஜிகாலிட்டர், நம் கணக்கில் 97 டி.எம்.சி., ஆற்றுக்குத் திருப்ப வேண்டும் என்று. அப்படியும் 2018-19 கோடையிலும் 2023 மார்ச்சிலும் மெனிண்டி பக்கம் மீன் லட்சக்கணக்கில் செத்து மிதந்தது.

உங்கள் கான்கிரீட் சண்டையும் இங்கே நடந்ததுதான். பழைய மண் வாய்க்கால்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார்கள், குழாய் பதித்தார்கள், தானியங்கி மதகு வைத்தார்கள், "மிச்சமான" தண்ணீரைக் கணக்குப் போட்டு ஆற்றுக்கு என்று எழுதினார்கள். கசிந்ததில் ஒரு பகுதி எப்படியும் ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ போய்க்கொண்டிருந்ததுதானே, அதை எப்படி மிச்சம் என்று எழுதினீர்கள் என்று இன்னும் சண்டை. ஆனால் இங்கே நிலத்தடி நீர் ஏறினால் உப்பும் சேர்ந்து ஏறும், அதனால் கசிவை யாரும் பெரிதாக விரும்புவதில்லை. கோபியில் அதே கசிவுதான் கிணற்றை நிரப்புகிறது. இதைப் பார்க்காமல் இங்கிருந்து வரைபடத்தை எடுத்துப் போய்ப் போட்டால் தப்பாகிவிடும்.

காலிங்கன்_கரை:

தண்ணீரை அங்கே விலைக்கு விற்கிறார்களாமே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

யூகலிப்டஸ்நிழல்:

ஆமாம், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வறட்சியில் விலை எகிறும், பால்பண்ணைக்காரர் தண்ணீரை விற்றுவிட்டுத் தீவனம் வாங்குவார், பாதாம் தோட்டக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். சின்ன ஊர்கள் சிலவற்றில் தண்ணீர் போனதும் பள்ளிக்கூடமும் கடையும் சுருங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பகுதியை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. :) பாதி ஏக்கர், ஒரு ஏக்கர் என்று இருக்கிற நம் ஊரில் அது வேண்டாம். மாதம் ரெண்டு தடவை சதவீத அறிவிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு செலவு இல்லை.

செங்காடு_மைனா:

இவ்வளவு நேரமாக அண்ணன்மார் எல்லாரும் ஏக்கர் கணக்கே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் ஒரு கேள்வி. அந்தப் பாசன சங்கத்தில் ஓட்டு யாருக்கு? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு. பட்டா யார் பேரில்? எங்கள் ஊர்ச் சங்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், பெண் பேர் என்று தேடினால் கணவர் இறந்துபோனவர்கள்தான் பெரும்பாலும். நாற்று நடுவதும் களை எடுப்பதும் யார் என்று கேட்டால் பட்டியல் தலைகீழாக இருக்கும். தண்ணீர் பத்து நாள் தள்ளிப்போனால் நடவுக் கூலி பத்து நாள் தள்ளிப்போகும், அதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முத்தூர்க்காரன் தம்பியின் மாமா கதையும் இதேதான். அவருக்குக் கிணறு இருக்கிறது, ஆயக்கட்டு இல்லை, ஆகவே சட்டப்படி அவர் பாசனதாரரே இல்லை. வாய்க்காலுக்குக் கீழே அப்படி எத்தனை கிணறு! நாற்பது ஐம்பது வருடமாக அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் கரும்பும் மஞ்சளும். கிணற்றுக்கு கரண்ட் இணைப்பு கொடுத்தது அரசு, பயிர்க்கடன் கொடுத்தது கூட்டுறவு, அப்போதெல்லாம் அது விவசாயம். வாய்க்கால் கூட்டத்தில் மட்டும் அது "கசிவு". பேரை மாற்றினாலே பாதிச் சண்டை தீரும் என்பது என் கட்சி. மாமா உங்கள் அப்பாவின் தண்ணீரைத் திருடவில்லை. பேரேட்டில் எழுதாத பங்கு அவருடையது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அவிநாசிப் பக்கம். அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் திறந்தார்கள், 1,045 குளம் குட்டைகளுக்கு 1.5 டி.எம்.சி. அதை எடுப்பது காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, மேலே எல்லாருடைய தேவையும் முடிந்து உபரி இருந்தால் மட்டும். காலிங்கன்_கரை அண்ணனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டாம் என்றுதான் அப்படி. :) எங்கள் குட்டையில் குழாய் வழியாக முதல் தண்ணீர் வந்த அன்றைக்கு ஊரே போய் நின்றது, ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தலையில் தெளித்துக்கொண்டது. தண்ணீர் வந்தது சரி. அடுத்த வாரமே குட்டையில் யார் மோட்டார் வைக்கலாம் என்று தகராறு. 60 வருடம் தண்ணீர் கேட்டுப் போராடியபோது, வந்த பிறகு எப்படிப் பங்கு போடுவது என்று ஒரு நாள்கூட யாரும் பேசவில்லை. கடைசியில் ஆடுமாட்டுக்கு ஒரு துறை விட்டு மீதியில் யாரும் மோட்டார் வைக்கக் கூடாது, கிணறு ஏறினால் அவரவர் கிணற்றில் எடுத்துக்கொள்ளட்டும் என்று நாங்களே முடிவு செய்தோம். அந்தக் கூட்டத்தில் ஆடு மேய்க்கிற ரெண்டு பெண்களை வலுக்கட்டாயமாக உட்கார வைத்தது நான்தான், துறை அவர்கள் கேட்டது.

மதகடி:

மைனா சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனால் சரி. நாங்கள் அலுவலகத்தில் அந்தக் கிணறுகளைக் கணக்கில் எடுத்ததே இல்லை. ஆயக்கட்டுப் பதிவேட்டில் இருப்பது மட்டும்தான் எங்களுக்கு நிலம்.

தம்பிக்கு ஒரு யோசனை. வாய்க்கால் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. சரிவை ஒட்டி வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் மண் கெட்டி, கரைபோட்டு மேடாக்கிக் கொண்டுபோகிற இடத்தில்தான் உடைப்பு பயம். கான்கிரீட்டா மண்ணா என்று 200 கிலோமீட்டருக்கும் ஒரே பதில் கேட்டால் சண்டைதான் வரும். மைல் மைலாகக் கேள். இந்த மைலில் எத்தனை தடவை உடைந்தது, கீழே எத்தனை கிணறு, எத்தனை பேர் குடிக்கிறார்கள், இந்த மைலைப் பூசினால் கடைமடைக்கு எத்தனை கன அடி கூடுதலாகப் போகும்? அப்படி வரிசையாக எழுதினால் சில மைலில் மாமாவே "இங்கே போடுங்கள்" என்பார், சில மைலில் அப்பாவே "இதை விட்டுவிடுங்கள்" என்பார். ஒரு போகம் செய்து பார்த்துவிட்டு கிணற்றையும் கடைமடை அளவையும் அளந்துவிட்டு அடுத்த மைலுக்குப் போகலாம். ஒரேயடியாகப் போட்டுவிட்டால் தப்பென்று தெரிந்தாலும் கான்கிரீட்டைத் திரும்ப உரிக்க முடியாது.

கசவாளித்தோட்டம்:

ஒப்பந்தக்காரன் மைல் மைலாக வேலை எடுப்பானா?

மதகடி:

எடுக்கமாட்டான். அதனால்தான் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

முத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இதை எல்லாம் அச்சு எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மதகடி ஐயா, வாழைத்தண்டு கதையை ரெண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் "இந்த ஆளு எந்த செக்‌ஷன்ல இருந்தாருன்னு கேளு" என்றார். யூகலிப்டஸ்நிழல் சொன்ன சதவீத அறிவிப்பு அவருக்குப் பிடித்தது. தண்ணீர் முழுசாக வராது என்று ஜூலையிலேயே தெரிந்தால் எள்ளு போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன், நாற்று விட்டுப் பாழாக்குவதுதான் கோபம் என்றார். 2016-17இல் அப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டார்.

மனுவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். சபைத் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மனுவுக்குப் பதிலாக ஒரு நோட்டு தொடங்கலாம் என்று இருக்கிறேன்: எங்கள் மதகில் தண்ணீர் வந்த நாள், வந்த மணி, பலகையில் எத்தனை அங்குலம். கோபி பக்கம் மாமா கிணற்றில் அதே நாளில் எத்தனை படி. ஒரு போகம் முழுவதும். மைனா அக்கா சொன்னதால் மூன்றாவதாக ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன், எங்கள் மதகில் நடவு எப்போது தொடங்கியது, எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை. அதை எழுத அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். காலிங்கன்_கரை அண்ணா, உங்கள் பக்கம் தண்ணீரின் நிறத்தை யாராவது எழுதி வைத்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். சென்னசமுத்திரம், சிவகிரி பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.

மாமாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், படி எண்ணுவதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை, கயிற்றில் கல்லைக் கட்டி விட்டால்தான் சரியாகத் தெரியும், ஆனால் கிணறு ஆழம், ஒரு ஆள் கயிறு பிடிக்க வேண்டும், ஒரு ஆள் குறிக்க வேண்டும் என்றார். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன்.

"உங்கப்பனை வரச் சொல்லு" என்றார்.